அத்தானுக்குப் பிடிக்காத சாப்பாடு

அத்தான் ஒரு மனிதனை அடித்ததை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. தட்டவும் செய்தேன். கையெல்லாம் சோறாக இருந்ததால் சத்தம்தான் வரவில்லை.

கிள்ளானில் அப்போது ஒரு மூன்று மாடி ஆர்கேட் இருந்தது. கீழ்த்தளத்தில் நகைக்கடை, பாட்டுக் கேசட் கடை, தையற்கடை. படிக்கட்டுக்குப் பின்னால், வீடியோ கேம் கடையை ஒட்டி ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. ஒரு காதில் துப்பாக்கிச் சத்தமும் மறு காதில் சாம்பார் வாளிச் சத்தமுமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எண்பதுகளின் நடுவில் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. அக்கா வீட்டில் வந்து தங்கினேன். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தான் எங்கள் இரண்டு பேரையும் அங்கேதான் அழைத்துப் போனார்.

சோறு விறைத்துக்கொண்டு நின்றது. சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது. பக்கத்து மேசையில் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். மீன் குழம்பு கேட்டவருக்குப் பரிமாறுபவர் வெறும் குழம்பை ஊற்றினார். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள், முகத்தில் எப்போதும் ஒரு கடுகடுப்பு.

"மீன் துண்டு இல்லையாப்பா?" என்று பெரியவர் கேட்டார்.

"தோட்டத்துல இதுவும் கிடைக்காதுல்ல. சாப்பிடுங்க."

அத்தான் சட்டைக் கையை மடித்தார். சாப்பிட உட்காரும்போது அவர் எப்போதும் இரண்டு மடிப்பு மடிப்பார். அது மூன்றாவது மடிப்பு. எழுந்து போய் அந்த ஆளின் பிடரியைப் பிடித்து, முகத்தைப் பெரியவரின் இலையில் அழுத்தினார். "தேடு. மீன் எங்க இருக்குன்னு தேடிக் குடு" என்றார். அந்த ஆள் மூச்சுவிட முடியாமல் மேசையைத் தட்டினார். குழம்பு கண்ணுக்குள் போய்விட்டது. முதலாளி கழுத்தில் போட்டிருந்த குட் மார்னிங் துண்டால் வேர்வையைத் துடைத்தபடி ஓடிவந்து, "பாஸ், கோவிச்சுக்காதீங்க லா" என்று கெஞ்சிய பிறகுதான் விட்டார். பெரியவருக்கு மூன்று துண்டு மீன் வந்தது. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கைதட்டினேன் என்று சொன்னேனே, அது அப்போதுதான்.

அக்கா மட்டும் தலையைத் தூக்கவே இல்லை. சபையில் சண்டை போடும் புருஷனை நினைத்து வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அவள் மேல் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

"எதுல வேணும்னாலும் ஏமாத்து. சோத்துல ஏமாத்தாதே." இது அத்தானின் வாய்ப்பாடு. அதைச் சொல்லாமல் அவர் ஒரு வேளை சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. சோற்றில் கை வைக்குமுன் குனிந்து முகர்ந்து பார்ப்பார். அப்பளத்தைக் காதருகே வைத்து உடைப்பார். ரசத் தம்ளரைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ஒரு குரல் கொடுத்தால் வந்து நிற்க ஆள் இருந்தது. அதனால் எந்தக் கடைக்காரரும் போலீசுக்குப் போகத் துணியவில்லை.

கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். முடிக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன். மழை நாளில் என் தொழிற்சாலை பஸ் வந்து நிற்கும்போது, குடையோடு அவர் அங்கே நிற்பார். ஒரு நாளும் தவறியதில்லை. மேல்வீட்டுச் சீனக் கிழவி மயங்கி விழுந்தபோது, முதுகில் தூக்கிக்கொண்டு நான்கு மாடி இறங்கி, தெருவில் போன லோரியை மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். என் அப்பா எனக்குக் குடை பிடித்ததில்லை. எனக்கு அத்தானை மிகவும் பிடித்திருந்தது. அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

ஞாயிறுதோறும் ஆர்கேட்டுக்குப் போனோம். ஞாயிறுதோறும் ஏதாவது ஒன்று சரியாக இருக்காது. ஆறிப்போன ரசத்துக்கு ஒரு நாள். கெட்ட வாடை அடித்த தயிருக்கு ஒரு நாள். ஒரு முறை சாம்பார் வாளியை உதைத்துவிட்டார். கொதிக்கக் கொதிக்க இருந்த சாம்பார் அதே பரிமாறுபவரின் காலில் கொட்டி, தோல் சுருண்டு வந்தது. இவ்வளவு மோசமான கடைக்கு ஏன்தான் போகிறோம் என்று எனக்குப் புரியவில்லை. அக்காவிடம் கேட்டேன்.

"அங்கயே போவோம். வேற கடை வேணாம்" என்றாள். கடையைத் தேர்ந்தெடுப்பது அத்தான் இல்லை, அவள்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு ஞாயிறு பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். தாலி கட்டி முடிந்ததும் கூட்டம் அதிகமாக இருந்ததால் பந்தியில் உட்காராமல் வெளியே ஒரு கடையில் சாப்பிட்டோம். என் யோசனைதான். அங்கே சாப்பாடு அமிர்தமாக இருந்தது. ஆட்டிறைச்சிப் பிரட்டல் எலும்பிலிருந்து தானாகக் கழன்றது. அத்தான் மூன்று முறை சோறு வாங்கினார், சமையல்காரரை வெளியே கூப்பிட்டுக் கை கொடுத்தார், பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நடந்தார். பஸ் நிற்குமிடத்தில் அக்கா சாக்கடை ஓரமாகக் குந்தி, தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தாள்.

வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் இருக்கும். அத்தான் டீ கேட்டார். அக்கா போட்டுக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தார். சட்டைக் கையில் மூன்றாவது மடிப்பு விழுந்தது. கப்போடு சேர்த்து அவள் முகத்தில் அறைந்தார். விழுந்தவளை முடியைப் பிடித்துத் தூக்கி அலமாரிக் கதவில் இரண்டு முறை மோதினார். அலமாரிக்கு மேலே இருந்த ரோத்தானை எடுத்தார். ரோத்தான் அங்கே இருந்ததே எனக்கு அதுவரை தெரியாது. பிள்ளைகள் இல்லாத வீட்டில் பிரம்பு எதற்கு என்று நான் யோசித்ததில்லை. நான் குறுக்கே போனேன். ஒரு கையால் என்னைத் தள்ளிவிட்டு, "நீ போ பாப்பா, உனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல" என்று அன்பாகவே சொன்னார். அந்த அன்பான குரல்தான் இன்றும் என்னைப் பயமுறுத்துகிறது.

அவர் வெளியே போன பிறகு துணியில் ஐஸைச் சுற்றி அக்காவின் கன்னத்தில் வைத்தேன். அவள் என்னைத் திட்டினாள்.

"நல்ல கடைக்கு ஏன்டி கூட்டிட்டுப் போன? அங்க சண்டை ஆகியிருந்தா இங்க ஆகியிருக்காதுல்ல."

"என்னக்கா சொல்ற?"

"கடையில ஒருத்தன அடிச்சிட்டா வீட்டுல அடிக்க மாட்டாரு. நல்ல சண்டைன்னா வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்கும்."

அவள் சமையல் செய்து ஓய்ந்த பெண் மாதிரி அலுப்போடு இதைச் சொன்னாள். மீதியையும் அப்போதே சொல்லிவிட்டாள். போன வருஷம் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க அத்தான் ஒரு மண்டலம் விரதம் இருந்தார். விரதக்காரர் வெளிச் சாப்பாடு தொடக் கூடாது. ஆகவே நாற்பத்தெட்டு நாளும் ஆர்கேட் இல்லை. தெருவில் பார்ப்பவரெல்லாம் "சாமி" என்று கும்பிட்டார்கள். யாரிடமும் அவர் குரலை உயர்த்தவில்லை. எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். முப்பதாவது நாளோ என்னவோ, பருப்பில் ஒரு கல் அகப்பட்டது. அக்காவுக்கு அப்போது மூன்று மாதம். வயிற்றில் மிதித்தார். பிள்ளை தங்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாராம். "விரதத்துல எங்கயோ குறை வந்துடுச்சு, அதான் முருகன் பிள்ளைய எடுத்துக்கிட்டான்" என்றாராம். நடிப்பில்லை. மனதார அப்படித்தான் நம்பினார்.

இது தெரிந்த பிறகு நான் என்ன செய்தேன்? ஊரைக் கூட்டவில்லை. போலீசுக்குப் போகவில்லை. அக்காவோடு சேர்ந்துகொண்டேன். ஞாயிறு மத்தியானம் இலை முன்னால் உட்கார்ந்ததும் என் வேலை தொடங்கும். "அத்தான், இந்தக் கோழி சரியா வேகல போல." "அத்தான், அந்த ஆள் நம்மள முறைச்சிட்டுப் போறாரு." அந்தப் பரிமாறுபவர் என்னை ஒன்றுமே செய்யவில்லை. நான் கைகாட்டினேன், அத்தான் அடித்தார். கோழி வேகவில்லை என்று நான் சொன்ன நாளில் அந்த ஆளின் முன்பற்கள் இரண்டு விழுந்தன. ஒரு பல் அப்பளத் தட்டில் கிடந்தது. அந்த வாரம் முழுக்க அக்கா முகத்தில் காயமில்லை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது என்றால் நம்புவீர்களா?

வருஷக் கடைசியில் அக்காவுக்கு மறுபடி நாள் தள்ளிப்போய், நான்கு மாதம் ஆயிற்று. அத்தான் குதித்தார். மாங்காய் தேடி செலாயாங் காய்கறிப் பாசார் வரைக்கும் போனார். அப்புறம் ஒரு நாள் பூஜை அறையிலிருந்து நெற்றி நிறைய விபூதியோடு வந்தார்.

"இந்தத் தடவை அலகு காவடி. பிள்ளை நல்லபடியா பொறக்கணும்னு வேண்டிக்கிட்டேன். திங்கக்கிழமை மாலை போடுறேன்."

"பொண்டாட்டி முழுகாம இருக்கறப்ப காவடி எடுக்கக் கூடாதும்பாங்களேங்க" என்றாள் அக்கா.

"யாரு சொன்னா? போன தடவை குறை வந்துச்சு. இந்தத் தடவை ஒரு குறை வரக் கூடாது."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். நாற்பத்தெட்டு நாள். பிள்ளையைக் காப்பாற்ற அவர் எடுத்த விரதத்திலிருந்து அந்தப் பிள்ளையை யார் காப்பாற்றுவது?

நான் ஒரு திட்டம் போட்டேன். மாலை போடுவதற்கு முந்தின ஞாயிறுதான் கடைசி ஆர்கேட். அன்றைக்குச் சண்டை பெரிதாக வேண்டும். போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போகிற அளவுக்கு. அவரைச் சில நாள் உள்ளே வைத்தால் அக்காவைச் செலாயாங்கில் எங்கள் சித்தி வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். சனிக்கிழமை வேலை முடிந்து நேரே அந்தக் கடைக்குப் போனேன். முதலாளி கவுண்டரில் இருந்தார். பரிமாறுபவர் மூலையில் மேசை துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நாளைக்கு எங்க அத்தான் வருவாரு. கொஞ்சம் மோசமா சமைக்கணும்."

"என்னது?"

"மோசமா. ரொம்ப வேணாம். எப்பவும் போல இருந்தாலே போதும்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "எப்பவும் போலன்னா? என் கடைச் சாப்பாடு மோசம்னு சொல்றியா? பத்து வருஷமா நடத்துறேன்மா!"

"அப்படி இல்லண்ணே..."

"நாளைக்கு நானே அடுப்புகிட்ட நிக்கிறேன். உன் அத்தான் இலைய வழிச்சித் தின்னுட்டுப் போவாரு. வந்து பாரு."

ஏன் கேட்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அக்கா வீட்டு விஷயம் ஆர்கேட் முழுக்கப் பரவிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். அடி வாங்குவது வெட்கமில்லை, அது வெளியே தெரிவதுதான் வெட்கம் என்று நினைக்கிற குடும்பத்தில் பிறந்தவள் நான். அந்த வெட்கத்தால் இத்தனை வருஷமும் மட்டமாகச் சமைத்தவருக்கு ரோஷத்தைக் கிளப்பிவிட்டு வந்தேன்.

மறுநாள் சோறு பூவாக இருந்தது. நண்டு மசாலா, வெண்டைக்காய்ப் பொரியல், புளி சரியாக ஏறிய மீன் குழம்பு, புறங்கையைச் சுடும் ரசம். அத்தான் முகர்ந்தார், அப்பளத்தை உடைத்தார், சாப்பிட்டார். அவர் முகம் மலர மலர நான் இலையில் குறை தேடினேன்.

"அத்தான், பொரியல்ல உப்பே இல்ல" என்றேன்.

"உன் நாக்கு செத்துப்போச்சா பாப்பா? அருமையா இருக்கு."

"நண்டு பழசு மாதிரி..."

"உயிரோட பிடிச்சிட்டு வந்திருக்கான்" என்று சிரித்தார். முதலாளி சமையற்கட்டு வாசலில் கரண்டியோடு நின்று என்னையே பார்த்தார். ஜெயித்துவிட்டேன் என்று அவர் கண் சொன்னது. அத்தான் இலையைத் தன் பக்கமாக மடித்தார். அந்தக் கடையில் அப்படி மடித்தது அன்றுதான். மடித்துவிட்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"நாப்பத்தெட்டு நாளும் எனக்கு இந்த ருசி இருக்கணும். கேட்டியா? போன வருஷம் மாதிரி குறை வெக்காதே."

அக்காவின் இடது கை மேசைக்குக் கீழே வயிற்றுக்குப் போனது. அதைப் பார்த்துவிட்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்றேன்.

"போன வருஷம் குறை வெச்சது நீங்க" என்றேன். என் குரல் இவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. "அக்கா வயித்துல மிதிச்சது நீங்க. பிள்ளையக் கொன்னது நீங்க. முருகன் இல்ல."

அத்தான் சட்டைக் கையை மடிக்கவில்லை. அதற்கு நேரமில்லை. எவர்சில்வர் தம்ளரை எடுத்து என் புருவத்தில் அடித்தார். ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. தலைமுடியைப் பிடித்து மேசையில் மோதினார். அடுத்த அடிக்குக் கை ஓங்கியதும், அந்தக் கையை யாரோ பிடித்தார்கள். அந்தப் பரிமாறுபவர். ஒல்லி ஆள். அத்தான் அவரைத் தூக்கிச் சுவரில் அடித்தார். மூக்கில் குத்தினார். முழங்காலால் வயிற்றில் இடித்தார். அவர் பிடியை விடவில்லை. இரண்டு கையாலும் அத்தானின் நெஞ்சைக் கட்டிப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். முதலாளி ஓடிவந்து நீளக் கரண்டியால் அத்தானின் முழங்காலில் ஓங்கி அடித்தார். அப்புறம்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்தார்கள். எத்தனையோ ஞாயிறுகளில் அவருடைய சண்டையைப் பார்த்துச் சிரித்தவர்கள். எச்சில் கையோடு அடித்தார்கள், உதைத்தார்கள், நாற்காலியால் முதுகில் போட்டார்கள். வெள்ளைச் சட்டை கிழிந்த அத்தானைக் குழம்பும் ரத்தமுமாகப் படிக்கட்டு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

அங்கிருந்து அவர் அக்காவைக் கூப்பிட்டார். உதடு கிழிந்திருந்தது.

"எந்திரி. வீட்டுக்குப் போலாம்."

அக்கா எழவில்லை. இலையைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தாள்.

"எந்திரிடின்னு சொல்றேன்ல!"

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்ல" என்றாள் அக்கா.

அன்றைக்கே சித்தி வீட்டுக்குப் போய்விட்டோம். அத்தான் இரண்டு முறை வந்து வாசலில் நின்றார். சித்தப்பா உள்ளே விடவில்லை. திங்கட்கிழமை அவர் மாலை போட்டதாகவும், நாற்பத்தெட்டு நாளும் தானே பொங்கித் தின்றதாகவும் கேள்விப்பட்டோம். பத்துமலையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று நான் பார்த்தேன். நாக்கில் அலகு, முதுகெல்லாம் கொக்கி, முகமெல்லாம் கண்ணீர். எனக்கும் அழுகை வந்தது. யாருக்காக அழுதேன் என்று சொல்லத் தெரியவில்லை. வைகாசியில் அக்காவுக்குப் பெண் பிறந்தது. நல்ல எடை, நல்ல தொண்டை. அத்தானின் வேண்டுதல் பலித்தது என்றுதான் அவர் பக்கத்தார் கடைசி வரைக்கும் சொன்னார்கள். அவர் பிள்ளையைப் பார்க்கக் கேட்டபோதெல்லாம் அக்கா மாட்டேன் என்றாள். துறைமுகத்தில் ஒரு நாள் மாரடைப்பில் போய்விட்டார்.

அவரைப் பற்றி இவ்வளவு சொன்னவள் என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு அவரை வெளியே இழுத்துப் போன பிறகு, அந்தப் பரிமாறுபவர் ஒரு துணியில் ஐஸ் கட்டிக் கொண்டுவந்து என் புருவத்தில் வைத்தார். அவர் மூக்கிலிருந்தே ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் முன்பல் இரண்டும் இல்லை. எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணே, அந்தக் கோழி அன்னிக்கு வெந்துதான் இருந்துச்சு" என்றேன்.

"தெரியும் தங்கச்சி" என்றார். "நான்தானே பரிமாறினேன். வாராவாரம் நீங்கதான் எடுத்துக் குடுப்பீங்க, அவரு அடிப்பாரு. பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அப்புறம் ஏன்ணே இன்னிக்குக் குறுக்க வந்தீங்க?"

"ஏன் எடுத்துக் குடுத்தீங்கன்னு இன்னிக்கு நீங்க கத்தினப்பத்தான் தெரிஞ்சுது" என்றார். "அத முதல்லயே என்கிட்ட சொல்லியிருந்தா, அன்னிக்கே அவரு கையப் பிடிச்சிருப்பேனே."

சொல்லிவிட்டுச் சோற்று வாளியை எடுத்துக்கொண்டு அக்காவின் இலைப் பக்கம் போனார்.